புதுவைத் திண்ணையிலே

"புதுச்சேரிக்குப் போகிறேன்" என்று வீட்டில் வாய் திறந்து சொல்லிப் பாருங்கள். கடற்கரையைப் பார், ஆசிரமத்தில் கொஞ்ச நேரம் உட்கார், மணக்குள விநாயகருக்கு ஒரு தேங்காய் உடை என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். புருஷர்கள் சிலர் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் நமக்குத் தெரியாதா என்ன!

நான் இந்தத் தடவை போனது இதற்கெல்லாம் அல்ல. ஒரு தெருவைப் பார்க்கப் போனேன். "தெருவைப் பார்க்க யாராவது 150 கிலோமீட்டர் பஸ்ஸில் போவார்களா, அண்ணி? நம் வீட்டு வாசலில் இருப்பதும் தெருதானே?" என்றாள் என் நாத்தனார். ஆனால் காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரிய சந்தை கூடும் என்று ஒரு வார்த்தை சொன்னேனோ இல்லையோ, பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றாள்.

புதுவையில் இறங்கி நடக்கத் தொடங்கினால் முதலில் மனத்தைக் கவர்வது தெருக்களின் ஒழுங்கு. கணக்கு நோட்டில் கோடு போட்ட மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இந்தக் கோடுகளைப் போட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்றுதான் நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். இல்லை. 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. கட்டம் கட்டமான திட்டம் அவர்கள் போட்டது. 1761இல் ஆங்கிலேயர் பிடித்து ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து, பழைய கோடுகளின் மேலேயே மறுபடியும் கட்டிக்கொண்டார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே கடலோரமாக வெள்ளைக்காரர், மேற்கே நம்மவர்கள். 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கை மாறியது. 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்துவிட்டது. வாய்க்கால் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வாய்க்காலைத் தாண்டும்போது இரண்டு பக்கத்து வீடுகளையும் கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்கள். கிழக்கே உயரமான மதில்கள். மஞ்சளும் வெள்ளையுமாகப் பூச்சு, மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கும் காகிதப்பூக் கொடி, பெரிய கதவு. கதவோ சாத்தியே இருக்கும். உள்ளே யார் இருக்கிறார்கள், இன்றைக்கு என்ன சமையல் என்று தெருவில் போகிறவருக்கு ஒரு துப்பும் கிடைக்காது. இந்த மதில்களின் முன்னால்தான் கல்யாண ஜோடிகள் வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

மேற்கே வாருங்கள். இங்கே வீடு தெருவைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொள்வதில்லை. ஒரு படி இறங்கி வந்து வரவேற்கிறது. தெரு ஓரத்திலேயே ஒரு மேடை. அதன் மேல் மரத் தூண்கள் தாங்கி நிற்கும் சாய்ந்த ஓட்டுக் கூரை. இதுதான் தாழ்வாரம். மழைக்கு ஒதுங்குகிறவரும் வெயிலுக்கு ஒதுங்குகிறவரும் யாரையும் கேட்காமல் நிற்கலாம். அதற்கு அடுத்தாற்போல் வாசற்கதவின் இரண்டு பக்கமும் திண்ணை. இதில் தெரிந்தவர்கள் உட்காரலாம். கதவைத் தாண்டி நடை, முற்றம், கூடம். அதற்கும் உள்ளே சமையலறை. தெருவில் போகிற அந்நியனிலிருந்து அடுப்பங்கரை மாமியார் வரை ஒவ்வொருவருக்கும் இவ்வளவு தூரம் என்று வீடே அளந்து வைத்திருக்கிறது! சில வீடுகளில் கீழே தமிழ்ப் பாணியில் மரத்தூண்; மாடியில் பிரெஞ்சுப் பாணியில் சுதைத் தூணும் வளைவு ஜன்னலும். 18ஆம் நூற்றாண்டில் நாட்குறிப்பு எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையிலும் முற்றத்தைச் சுற்றிக் கீழே மரத்தூண்களும் மேலே வெள்ளைச் சுதைத் தூண்களும் நிற்கின்றன. கலப்பு மணம் என்பது கட்டடங்களுக்கு அப்போதே சம்மதமாகிவிட்டது போலிருக்கிறது.

நான் தேடிப் போன தெரு வைசியாள் வீதி. கல்வே சுப்பராயச் செட்டி வீதி என்றும் அதற்குப் பெயர் உண்டு. ஒரு காலத்தில் வணிகர்கள் வாழ்ந்த தெரு. மற்றத் தெருக்களுக்கு நேர்ந்த கதி இதற்கும் நேர்ந்திருந்தது. தாழ்வாரங்கள் இற்று விழுந்தன. விழுந்த இடத்தில் இரும்புக் கதவும் தகரக் கொட்டகையும் முளைத்தன. அப்போது, 2002ஆம் ஆண்டு வாக்கில், ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா அர்ப்ஸ்' என்ற திட்டத்தின் உதவியோடு ஒரு வேலை ஆரம்பமாயிற்று. இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நவ்-சுர்-லோ என்ற இரண்டு ஊர்கள் புதுவைக்குத் துணை வந்தன. பழம் கட்டடங்களைப் பாதுகாக்கும் 'இன்டாக்' அமைப்பின் கட்டடக் கலைஞர்கள் முன்னின்றார்கள். ஒரு பெரிய மாளிகையை எடுத்துச் செப்பனிட்டு அதில் பெயர்ப்பலகை மாட்டுவது சுலபம். இவர்கள் எடுத்துக்கொண்டதோ வரிசையாகச் சுமார் 20 வீடுகளின் முகப்பு!

இதில் உள்ள கஷ்டத்தை நினைத்துப் பாருங்கள். நம் தெருவில் குழாய்ப் பள்ளம் மூடுவது பற்றியே நாலு வீட்டுக்காரர்கள் ஒத்துப்போக மாட்டோம். இங்கே 20 வீட்டு வாசல்! செலவில் ஒரு பங்கு திட்டத்துடையது, ஒரு பங்கு வீட்டுக்காரருடையது. ஒருவர் மட்டும் மாட்டேன் என்றால் பல் விழுந்த வரிசை மாதிரி அந்த இடம் காட்டிக் கொடுத்துவிடும். பேசிப் பேசித்தான் நடந்திருக்க வேண்டும். காணாமல் போன தாழ்வாரங்கள் தூணும் ஓடுமாகத் திரும்பி வந்தன. உதிர்ந்த சுதை வேலைகளுக்கு உயிர் வந்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் அந்தத் தெருவுக்குக் கிடைத்தது.

இதிலே கலைஞர் என்று யாரைச் சொல்வது? காகிதத்தில் வரைந்தவரை மட்டும் சொன்னால் கொத்தனாரும் தச்சரும் கோபித்துக்கொள்வார்கள், நியாயந்தான். பழைய சுவர்ப் பூச்சின் பக்குவத்தைக் கேட்டால் நம் சமையல் குறிப்பு மாதிரியே இருக்கிறது. சுண்ணாம்பை நீற்றி நாட்கணக்கில் ஊறவிட வேண்டும். மணல் சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுக் குழைக்க வேண்டும். மேல்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ப்பதுண்டு. காய்வதற்கு முன்னால் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினால், முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். சுண்ணாம்பு இடித்தவர்களில், தண்ணீர் சுமந்தவர்களில், சித்தாள் பெண்கள் எத்தனை பேரோ! பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டு பூசினால் என்ன என்று கேட்பீர்கள். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. கடல் காற்று உப்பும் ஈரமும் உள்ளே தங்கி, செங்கல்லை மெதுவாக அரித்துவிடும். மேலே பார்த்தால் புதுச் சுவர், உள்ளே மாவு.

வைசியாள் வீதியில் இப்போது சில வீடுகள் விடுதிகளாகிவிட்டன. வெளிநாட்டார் வந்து முற்றத்தில் காலை நீட்டிக் காபி குடிக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு குறை. திண்ணையில் கீரை ஆய்கிற பாட்டி ஒருத்தியாவது வேண்டாமா?

பாட்டி கிடைத்தாள். அந்தத் தெருவில் அல்ல. இரண்டு தெரு தள்ளி. நாத்தனாருக்குக் கால் வலித்தது. சந்தைப் பை ஏற்கெனவே பாதி நிரம்பிவிட்டது. ஒரு தாழ்வாரத்தின் நிழலில் ஒதுங்கினோம். தூண்களில் ஒன்று அடியில் இற்றுப்போய், செங்கல் அண்டை கொடுத்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல்: "யாரு? நிக்காதீங்கம்மா, உக்காருங்க. அந்தத் தூணுல மட்டும் சாயாதீங்க."

எழுபத்தைந்து வயதிருக்கும். புதுவையில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பக்கத்தில் சின்ன மளிகைக் கடை. கடைக்காரர் ஆயாவின் தாழ்வாரத்தில் இரண்டு மூட்டை வெங்காயத்தை வைத்துக்கொண்டு, வாடகைக்குப் பதிலாக ஆயாவுக்குச் சில்லறைச் சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். ஒரு காகிதமும் எழுதிக்கொள்ளாத ஒப்பந்தம்.

"வைசியாள் வீதியைப் பார்த்துவிட்டு வருகிறோம், ஆயா. எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறார்கள்!" என்றேன்.

"பாத்திருக்கேன், கண்ணு. முகத்துக்குப் பவுடர் போட்டுக்கிட்டா வயித்துவலி போயிடுமா?" என்றாள் ஆயா.

எனக்குச் சுருக்கென்றது. எங்களை உள்ளே கூட்டிப் போய்க் காட்டினாள். கூடத்துக் கூரை பழைய மெட்ராஸ் டெரஸ். மரக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சிறு செங்கல்களைக் கோணவாட்டில் குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு போட்டு இறுக்கியது. ஒரு மூலையில் இரண்டு கட்டைகள் கறுத்துத் தொங்கின. கீழே ஒரு பித்தளை அண்டா. மழைக்காலத்தில் அதுதான் அந்த மூலைக்குக் காவல். வீடோ ஐந்து பங்கு. கொழுந்தன் பிள்ளைகள் இருவர் பாரீசில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, அந்த நாட்டுப் பிரஜையாகிப் போன குடும்பங்கள் புதுவையில் நிறைய உண்டு. இதுவும் அதில் ஒன்று. ஒருவன் விற்றுவிடலாம் என்கிறான். ஒருவன் போனையே எடுப்பதில்லை. விற்றால் இடித்து நாலு மாடி எழுப்ப ஆள் தயாராக இருக்கிறது.

இது ஆயா வீட்டுக் கதை மட்டும் அல்ல. 1990களில் இன்டாக் கணக்கெடுத்தபோது ஊரில் சுமார் 1,800 பழம் கட்டடங்கள் இருந்தன; அவற்றில் பல நூறு இப்போது இல்லை. கடற்கரையில் ராஜா மாதிரி நின்ற மேரி கட்டடமே 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததே! அதை அதே தோற்றத்தில் மறுபடியும் கட்டி 2021இல் திறந்துவிட்டார்கள். சர்க்கார் கட்டடத்துக்குப் பணம் வந்தது. ஆயாவின் மூலைக்கு யார் வருவார்கள்?

சென்னைக்குத் திரும்பிய பிறகும் பவுடரும் வயிற்றுவலியும் என்னை விடவில்லை. தெருவின் முகத்தை அழகுபடுத்துவதால் வீட்டுக்குள் இருப்பவளுக்கு என்ன லாபம்? இந்தக் கேள்வியை இன்னும் கடுமையாகக் கேட்கக்கூடிய இடம் ஒன்று எங்கள் ஊரிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் டவுன் பஸ் ஏறித் துரைப்பாக்கத்தில் இறங்கிக் கண்ணகி நகருக்குப் போனேன். நாத்தனார் வரவில்லை, அங்கே சந்தை உண்டா என்று நான் விசாரித்து வைக்கவில்லை.

புதுவைத் தெருவில் இருப்பவர்கள் பரம்பரை வீட்டுக்காரர்கள். கண்ணகி நகர்க்காரர்களோ கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள். 2000ஆம் ஆண்டு முதல் அரசு கட்டிய அடுக்கு வீடுகள், 15,000க்கும் மேலே. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி சுவர். நகரத்தில் செய்துவந்த வீட்டு வேலையும் கட்டட வேலையும் தூரமாகிவிட்டன. ஊர் பெயருக்கும் ஒரு களங்கம் ஒட்டிக்கொண்டது. வேலை கேட்டுப் போகும் பிள்ளைகள் விலாசத்தை மறைத்துச் சொன்னார்கள்.

2020ஆம் ஆண்டு ஆரம்பத்தில் 'ஸ்டார்ட் இந்தியா' என்ற கலை அமைப்பு, ஏசியன் பெயிண்ட்ஸ் கம்பெனியோடும் சென்னை மாநகராட்சியோடும் சேர்ந்து இந்தச் சுவர்களில் படம் எழுத வந்தது. டில்லியில் அரசு ஊழியர் குடியிருப்பான லோதி காலனியில் முன்பே இப்படிச் செய்தவர்கள் இவர்கள். ஏ-கில், ஓஷின் சிவா முதலிய ஓவியர்களும் வெளிநாட்டார் சிலரும் வந்தார்கள். அடுக்கு வீட்டின் பக்கச் சுவர் முழுவதும் ஒரே படம். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும்.

ஒரு படத்தின் அடியில் இட்லிக் கடை போட்டிருந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். "படம் வந்து தண்ணி வந்துச்சான்னு கேக்கறீங்களா, அக்கா? அது வேற, இது வேற" என்றாள், நான் கேட்பதற்கு முன்னாலேயே. எத்தனை பேர் கேட்டார்களோ! பிறகு இட்லித் தட்டை மூடிவிட்டுச் சொன்னாள்: "ஆனா ஒண்ணு. முன்னெல்லாம் சாமான் கொண்டாரவங்க, எந்த பிளாக், எந்த பிளாக்னு சுத்துவாங்க. இப்ப படத்தைச் சொன்னாப் போதும். படம் எடுக்க வர்றவங்க இட்லியும் சாப்பிடறாங்க. மேல வரையறப்போ பசங்க கீழயே நின்னு, அண்ணா அந்தக் கண்ணு கோணலா இருக்கு, நேர் பண்ணுன்னு கத்துவாங்க." இதைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் கர்வம் கலந்திருந்தது.

விலாசத்தை மறைத்த அதே ஊரின் பெயர், 2025 அக்டோபரில் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா ஆடினாள். அந்தப் பெயர் மாற்றத்துக்குச் சுவர்ப் படம் காரணம் என்று சொல்ல நான் தயாரில்லை. அது அந்தப் பெண்ணின் காலும் மூச்சும் சம்பாதித்தது. ஆனால் அந்த இட்லிக் கடை அம்மாள் வீட்டு முகத்தைப் பற்றிப் பேசியதையும் தண்ணீரைப் பற்றிப் பேசியதையும் இரண்டு தனி முடிச்சாகத்தான் முடிந்து வைத்திருந்தாள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறக்கச் செய்ய யாராலும் முடியாது. எனக்கு அவளுடைய கணக்கு பிடித்திருந்தது. புதுவை ஆயாவிடம் அதைச் சொல்லவேண்டும் போலிருந்தது.

அடுத்த மாதமே மறுபடியும் புதுவை. இந்தத் தடவை வெறுங்கையோடு போகவில்லை. அங்கே இங்கே விசாரித்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு முதிய கொத்தனாரைப் பிடித்து ஆயா வீட்டுக்கு அழைத்துப் போனோம். (அவரைக் கண்டுபிடித்தது என் நாத்தனார்தான். சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கிடைத்த தகவலாம். சந்தையை இனிமேல் நான் பரிகாசம் செய்வதில்லை.)

கொத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வைத்தியர் மாதிரி உள்ளே போனார். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஒரு இடத்தில் சத்தம் 'டொக்' என்றது. இன்னொரு இடத்தில் 'பொத்' என்றது. "இது உசிரோட இருக்குது. இது போயிடுச்சு" என்றார். மூலையில் அண்டாவுக்கு மேலே நிமிர்ந்து பார்த்து ரொம்ப நேரம் பேசாமல் நின்றார்.

"கூரை முழுசும் பிரிக்க வேணாம், ஆயா. ரெண்டு கட்டை மாத்தணும், அதுக்கு மேல ஒட்டு மட்டும் எடுத்துப் போடணும். ஆடி போகட்டும். மழைக்கு முன்னாடி முடிச்சுடலாம்."

"தாழ்வாரத் தூணு?"

"அது அப்புறம்."

"இல்ல, ரெண்டும் சேர்த்து எவ்வளவுன்னு சொல்லு" என்றாள் ஆயா.

எனக்கு ஆச்சரியம். "பவுடர் எதற்கு என்றீர்களே, ஆயா?" என்று கேட்டேன்.

"பவுடர் வேணாம்னு எப்பச் சொன்னேன்? தூணு விழுந்தா கடைக்காரன் வெங்காயத்தை எங்க வைப்பான்?" என்றாள்.

கொத்தனார் ஒரு தொகை சொன்னார். ஆயா அதைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி ஐந்தால் வகுத்தாள். பென்சிலால் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். மளிகைக் கடைக்காரர் தாமாகவே வந்து எட்டிப் பார்த்து, தூண் செலவில் ஒரு பகுதி தம்முடையது என்றார். ஆயா அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். மணி பதினொன்று, பாரீசில் அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும்.

எங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. விடைபெற்றுக்கொண்டு தெருமுனை வரை வந்துவிட்டோம். அங்கே வரைக்கும் திண்ணையிலிருந்து ஆயாவின் குரல் கணீரென்று கேட்டது:

"டேய், நான்தாண்டா பெரியம்மா. கூரையைப் பத்திப் பேசணும். போனை வெச்சுடாதே."